நள்ளிரவுக்கு இரு புறமும்

தமிழ்நாட்டில் இரவு பன்னிரண்டு மணிக்கு அன்றைய டேட்டா செத்துப்போகிறது. இலங்கையில் பல வீடுகளில் அதே பன்னிரண்டு மணிக்குத்தான் டேட்டா தாராளமாகிறது. இரு கரைத் தமிழரும் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டுக் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் நகர்ந்திருக்கிறார்கள். ஆனால் நகர்ந்த விதம் ஒன்றல்ல; அதற்கு ரசனையைவிட இந்த நள்ளிரவுக் கணக்கே பெரிய காரணம்.

2016 செப்டம்பரில் இந்தியாவில் ஜியோ கைபேசிச் சேவை வந்தது. முதலில் இலவசம், பிறகு ஒரு நாளைக்கு ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி என்று அளந்து கொடுக்கும் ரீசார்ஜ். மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கே வந்தன. இன்று மிஞ்சியது நாளைக்குச் சேராது என்றால், படுக்கப்போகுமுன் எதையாவது பார்த்துத் தீர்க்கத்தானே தோன்றும்? கூடத்தில் அம்மாவுக்கு சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மகன் கைபேசியில் கிரிக்கெட் பார்ப்பான். 2023 ஐபிஎல் ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகவே காட்டியது. ரிமோட்டுக்காக நடந்த சண்டை அநேக வீடுகளில் ஓய்ந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் இந்தியாவுக்கென 199 ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2021 இறுதியில் அதை 149 ஆக்கியது. கைபேசியிலும் டேப்லெட்டிலும் மட்டுமே ஓடும், பெட்டியில் ஓடாது. வீட்டுக்கு விற்பதை விட்டு ஆளுக்கு விற்கத் தொடங்கிய இடம் அதுதான்.

இலங்கையில் ரீலோட் போட்டு வாங்கும் டேட்டா எண்ணிச் செலவழிக்கும் பொருள். யூடியூப் மட்டும் பார்ப்பதற்கென்றே தனிப் பக்கேஜ் உண்டு. வீட்டு இணைப்புகளில் பகல் டேட்டா கொஞ்சம், நள்ளிரவிலிருந்து காலைவரைக்கும் நைட் டேட்டா நிறைய என்று பிரித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதனால் இரவில் இறக்கி வைத்துப் பகலில் பார்க்கிற பழக்கம் ஊன்றியது. டேப்லெட் அங்கே திரை மட்டுமல்ல, சேமிப்பு அறையும்கூட.

யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சேர்த்துவைத்துப் பார்க்கும் பழக்கம் புதிதுமல்ல. யுத்த காலத்தில், கரண்ட் இல்லாத ஊர்களில், டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து எண்ணெய் வாங்கி, விடியும்வரை அடுத்தடுத்துப் படம் போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. முதலில் தேடிச் சேர்ப்பது, பிறகு பார்ப்பது என்ற ஒழுங்கு அவர்களுக்குப் பழகியது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோது அது மறுபடியும் கைகொடுத்தது. பெட்டி அணைந்தது, வெட்டு நீண்டபோது கைபேசிக் கோபுரங்களும் தளர்ந்தன. முன்பே இறக்கி வைத்த படம்தான் ஓடியது.

விலையிலும் பெரிய வேறுபாடு. இரு நாடுகளிலும் நெட்ஃபிளிக்ஸ் நுழைந்தது ஒரே நாளில், 2016 ஜனவரியில். இந்தியருக்கு விலை ரூபாயில், இலங்கையருக்கு டாலரில். 2022இன் சில வாரங்களிலேயே டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் பாய்ந்தது. சந்தாவைத் தொடாமலே சந்தா ஏறிவிட்டது. பல குடும்பங்களுக்கு ரொறன்ரோவிலிருக்கும் மாமாவின் கணக்குத்தான் வழி. 2023 பிப்ரவரியில் வீட்டுக்கு வெளியே கணக்கைப் பகிர்வதற்குக் கனடாவில் கட்டுப்பாடு வந்தபோது அந்த வழியும் குறுகியது. கடல் கடந்த உறவே இணைப்பாக இருந்த இடத்தில் இப்படி ஒரு கதவு சாத்தப்பட்டது எனக்கு வருத்தம் தருகிறது. ஏமாற்றுவதற்காக அவர்கள் பகிரவில்லை. அண்ணன் தம்பிக்குப் பொருள் அனுப்புவதைப் போலத்தான் கடவுச்சொல்லையும் அனுப்பினார்கள்.

என்ன பார்க்கிறார்கள் என்பதிலும் இரு கரைகளின் வேறுபாடு தெரிகிறது. பெரிய தளங்களின் தமிழ் அடுக்கில் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கதைகள். தமிழ்நாட்டுக்காரருக்கு அது தன் ஊர். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருப்பவருக்கு அது தெரிந்த மொழியில் வரும் வேறொரு ஊர். இலங்கைத் தொலைக்காட்சிகளான ரூபவாஹினி 1982இலும் சக்தி டிவி 1998இலும் தொடங்கின; உள்ளூர்த் தமிழ் நாடகத்துக்கு அங்கே கிடைத்த இடம் சிறிதுதான், இறக்குமதித் தொடர்களே அதிகம். இப்போது இலங்கை இளைஞர் எடுக்கும் குறும்படங்கள் யூடியூபுக்கே போகின்றன. அது இலவசம் என்பதால் மட்டுமல்ல, யூடியூப் பக்கேஜ் போட்டவருடைய கைக்கு மேற்செலவில்லாமல் அவை வந்துசேரும் என்பதாலும்தான். பக்கேஜின் வடிவம் படத்தின் நீளத்தையும் தீர்மானிக்கிறது: இருபது நிமிடத்துக்குள் முடியும் கதைகள் பெருகுகின்றன; பத்து அத்தியாயம் கொண்ட தொடரை எடுக்க யாருக்கும் பணமில்லை. உள்ளூர் ரூபாயில் விலை வைத்து, அந்தச் சந்தாவில் ஒரு பங்கைக் கொண்டு உள்ளூர்த் தொடர்களை வாங்க எந்தத் தளமாவது முன்வந்தால், அதைப் பார்க்க நைட் டேட்டாவோடு காத்திருக்கும் வீடுகள் அங்கே உண்டு.