குமிழி பார்க்கத் தெரியுமா?

"நாங்கதான் தண்ணிக்குள்ள முங்க மாட்டோமே, கப்பல்ல வந்து என்ன செய்யப் போறோம்?" போன வருடம் மட்டும் மூன்று சொந்தக்காரர்கள் என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டார்கள். ஸ்கூபா நண்பர்களோ வேறு மாதிரி உதட்டைப் பிதுக்குகிறார்கள்: "க்ரூஸா? அது பஃபே வரிசையில் தட்டோடு நிற்பவர்களுக்கு. நீ லைவபோர்டில் வா." லைவபோர்டு என்பது டைவ் அடிப்பதற்கென்றே ஓடும் சிறு கப்பல். தூங்கும் நேரம் போக மீதியெல்லாம் ரெகுலேட்டர் பேச்சு, கேமரா பேச்சு. என் அம்மாவை அதில் ஏற்றினால் இரண்டாம் நாளே கரைக்கு நீந்திப் போய்விடுவார், நீச்சல் தெரியாமலேயே.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் அருமையான ஒரு விடுமுறை ஆளில்லாமல் கிடக்கிறது. குடும்பத்தில் இரண்டு பேர் கடலுக்குள் போவார்கள், நான்கு பேர் போக மாட்டார்கள், ஆறு பேரும் ஒரே கப்பலில். கரீபியன் கடலில் இதை எப்படி அனுபவிப்பது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அடிப்படைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். பத்து வயது ஆனால் பிள்ளைகள் ஜூனியர் சான்றிதழ் படிப்பில் சேரலாம். ஆஸ்துமா, காது, இதயம் என்று ஏதாவது இருந்தால் ஊரிலேயே டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் போய்க் கெஞ்ச முடியாது. பல நாள் டைவ் அடித்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்க வேண்டும். கடைசி நாள் கரையே தொடாமல் கடலிலேயே போகும் கப்பலாக இருந்தால் இந்தக் கவலையும் இல்லை. கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சில இடங்களில் ஒரு மணி நேரம் மாறும். கப்பல் நேரத்தையே நம்புங்கள். வெளியாளிடம் டைவ் பதிவு செய்துவிட்டுத் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்காது. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகங்களில் இரண்டு ஜாதி உண்டு: படகில் போய் டைவ் அடிக்கும் படகுத் துறைமுகம், கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கும் கரைத் துறைமுகம். "பத்துச் சிறந்த டைவ் தளங்கள்" என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. அவர்கள் பவளத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், மீனுக்கு மதிப்பெண் போடுவார்கள். கரையில் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு யார் மதிப்பெண் போடுவது?

மெக்சிகோவின் கோஸுமேல் படகுத் துறைமுகம். பலன்கார் பவளத்திட்டு அபாரமானது, மறுக்கவில்லை. நீரோட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். காலைக்கூட அசைக்க வேண்டாம், படகு பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொள்ளும். ஆனால் காலை எட்டு மணிக்குக் கையசைத்துவிட்டுப் போனால் திரும்பிவர மதியம் ஆகிவிடும். என் முதல் பயணத்தில் படகு தாமதமாகி இரண்டரைக்குத்தான் வந்து சேர்ந்தேன். மனைவியும் அம்மாவும் துறைமுகக் கடைகளில் ஒரே வெள்ளி வளையலை நான்கு கடையில் விலை கேட்டு முடித்திருந்தார்கள். நான் ஆமை பார்த்த கதையைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதது சரிதான்.

பெலீஸின் நீலத் துளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1971இல் கடல் ஆய்வாளர் கூஸ்தோ தன் கலிப்ஸோ கப்பலோடு போய்ப் பிரபலமாக்கிய இடம், ஆழம் 120 மீட்டருக்கும் மேல். எல்லோரும் மயங்கும் அந்த வட்டப் படம் விமானத்திலிருந்து எடுத்தது. உள்ளே இறங்கினால் இருட்டு, நாற்பது மீட்டரில் தொங்கும் சுண்ணாம்புக் கற்கள், சொற்ப மீன்கள். க்ரூஸ் நாளில் படகில் போய்வரவே பொழுது சரியாகிவிடும். கிராண்ட் கேமனின் ஸ்டிங்ரே சிட்டி இன்னொரு மோகம். மீனவர்கள் மீன் கழுவி எறிந்த கழிவுக்குக் கூடிய திருக்கை மீன்களை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முத்தமிட்டு ரீல்ஸ் போடுகிறார்கள். குடும்பம் முழுக்கச் சேர்ந்து இறங்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கரைத் துறைமுகம் என்றால் பொனேர். வெனிசுவேலாவுக்கு வடக்கே, டச்சுக்காரர்களின் தீவு. சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரம் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டி, நடந்தே கடலுக்குள் போகலாம். பவளம் கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடும். கையுறை போடக் கூடாது, இயற்கைக் கட்டணம் கட்ட வேண்டும், முதலில் ஒரு அறிமுக டைவ் கட்டாயம். தெற்கே உப்பளம். வெள்ளை உப்பு மலைகளையும் ரோஜா நிறப் பாத்திகளையும் பார்த்து அம்மா, "நம்ம தூத்துக்குடி மாதிரியே இருக்கேடா" என்றார். ஃபிளமிங்கோ பறவைகளைப் பார்த்த பிறகு அந்த ஒப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

தூத்துக்குடி என்றதும் ஞாபகம் வருகிறது. முத்துக்குளித்த காலத்தில், கீழே போகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மச்சானாகத்தான் இருப்பான் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். தங்கையின் தாலி ஆயிற்றே, கயிற்றை விடமாட்டான். மேலே இருப்பவனுக்கும் அந்த முங்கலில் ஒரு பங்கு இருந்தது. கரைத் துறைமுகம் அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது.

கயிற்றுக்குப் பதில், கீழே இருப்பவர் விடும் மூச்சின் குமிழி, அவ்வளவுதான். அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்நார்க்கெலும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டு மேலே மிதந்தால் போதும். அதுவும் வேண்டாமென்றால், காற்றில்லாத நாளில் கரைச் சுவரிலிருந்தே தெரியும். ஆழத்திலிருந்து வருகிற குமிழி வழியிலேயே விரிந்து உடைந்து, சோடா பொங்குவதுபோல் அகலமாகப் பரவும். ஆழம் குறையக் குறைய அது ஓரிடத்தில் குவிந்து, பெரிய பெரிய கொப்புளமாக வெடிக்கும். நிதானமாக மூச்சு விடுகிறவர் என்றால் ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நல்ல இடைவெளி. பதற்றக்காரர் என்றால் உலை கொதிப்பதுபோல. கடைசியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பார்கள். அப்போது குமிழி ஒரே இடத்தில் வந்துகொண்டிருக்கும். அம்மா அதைப் பார்த்துத்தான் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார்.

பக்கத்துத் தீவான குராசாவில் ஒரு சின்ன இழுவைப் படகு மூழ்கிக் கிடக்கிறது, ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஆழத்தில். மேலே மிதக்கும் மகளும் கீழே நிற்கும் நானும் ஒரே படகைப் பார்த்தோம், ஒருவரையொருவரும் பார்த்துக்கொண்டோம். அரூபாவில் 1940இல் ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடித்த அன்டில்லா கப்பல் இருக்கிறது. அங்கே படகில்தான் போக வேண்டும், ஆனால் ஸ்நார்க்கெல்காரரும் வரலாம். ஆக அது படகா, கரையா? இதை வைத்து நண்பரோடு ஒரு இரவு முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். கரைதான். சேர்ந்து போனால் கரை.

ஒரு விஷயம், வெளியில் சொல்லிவிடாதீர்கள். பொனேரில் இரண்டாவது டைவ் முடித்து நான் மேலே வந்ததும் அம்மா காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நடுவுல உனக்கு என்னடா ஆச்சு? குமிழி அப்படிப் பரபரன்னு வந்துச்சு?"

இருபது மீட்டரில், பாறைச் சந்திலிருந்து ஒரு பச்சை மொரே விலாங்கு என் முகத்துக்கு நேரே தலையை நீட்டியதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.