பரதேசிக்கு ஊர் உண்டா?
இரட்சணிய யாத்திரிகமும் எல்லை மலைத் தமிழரும்

மலர்க் குழு நண்பர்கள், "இந்தத் தடவை வியாபாரத்தை விட்டுட்டு இலக்கியம் எழுதுங்க" என்று அன்புக் கட்டளை இட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். "நயினாருக்குக் கிறித்தவக் காப்பியத்தில் என்ன வேலை?" என்று சிலர் சிரிக்கலாம். நான் தமிழ்ச் சமணன், வந்தவாசிப் பக்கத்துக்காரன். 1984-இல் பாத்திர வியாபாரத்துக்காகப் பாலக்காடு வந்தேன். தரிசனம் ஜைனமேடு சந்திரநாதர் கோயிலில். பட்டம் எதுவும் இல்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்துப் படித்த படிப்புதான். குற்றம் இருந்தால் கற்றோர் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நூலைப் பற்றி. ஆங்கிலேயரான ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட கதை இதன் மூலம். அழிவுக்குரிய தன் ஊரை விட்டு ஒருவன் மேலுலக நகரத்தை நோக்கி நடக்கிறான், அவ்வளவுதான் கதை. கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். இந்தக் கதையை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களாக, மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பாடல்களில் 1894-இல் தந்தார். 'கிறித்தவக் கம்பர்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

எங்கள் கடைக்குக் குத்துவிளக்கு வாங்க வரும் கோயில்காரர்கள் உச்சியில் அன்னம் கேட்பார்கள். சபைக்காரர்கள் சிலுவை கேட்பார்கள். தண்டும் தட்டும் ஒரே பட்டறையில் வார்த்தவைதாம். இரட்சணிய யாத்திரிகமும் அப்படித்தான். உச்சியில் சிலுவை, தண்டு முழுக்கத் தமிழ்க் காப்பியம். மண்ணுலக நகரத்தை விட்டுப் புறப்படச் சொல்லும் புலவர், தாய்மொழியை அங்கேயே போட்டுவிட்டுப் போகவில்லை. வழிநெடுகத் தோளில் சுமந்து போகிறார். கிறித்தவனின் விசுவாசம் வேறு தேசத்துக்கு உரியது என்று குறை சொல்வோருக்கு இந்த நூல் இருப்பதே பதில்.

நிற்க. நான் பேச வந்தது வேறு ஒரு சொல்லைப் பற்றி.

பன்யனின் பயணியைப் பழைய தமிழ் உரைநடையில் 'பரதேசி' என்றே அழைத்தார்கள். தமிழ் விவிலியத்திலும் பேதுருவின் முதல் கடிதத்திலும் எபிரெயர் 11-ஆம் அதிகாரத்திலும் இந்தச் சொல் வருகிறது. வேறு தேசத்தைத் தன் தேசமாகக் கொண்டவன், இங்கே வழிப்போக்கன் என்று பொருள். அது பெருமைக்குரிய பெயர். ஆனால் வழக்கில் அந்தச் சொல் என்ன ஆயிற்று? இன்று ஒருவரைப் 'பரதேசி' என்றால் சண்டைதான் வரும்.

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இது நன்றாகவே தெரியும். 1956 நவம்பர் 1-க்கு முன்பு பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. மொழிவாரிப் பிரிவினையில் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. ஆள் நகரவில்லை, கோடு நகர்ந்தது. இருந்த இடத்திலேயே நாம் வெளியூர்க்காரர் ஆனோம். பன்யன் கதையில் மாயச் சந்தை என்று ஓர் இடம் வரும். அங்கே பயணிகளின் உடையைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் சந்தைக்காரர்கள் கேலி செய்வார்கள். 'பாண்டி' என்ற சொல்லைக் கடைத்தெருவில் கேட்டுப் பழகிய நமக்கு அந்தக் கட்டத்துக்கு உரை தேவையில்லை.

அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் மார்ஷல் நேசமணி ஒரு கிறித்தவர். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன இயக்கம் அது. பரலோகமே நம் நாடு என்று கேட்டு வளர்ந்த ஒருவர், தாலுகா எல்லைக்காக ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? இது முரண் என்றே நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

முரண் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம். அதன் மூன்றாம் அதிகாரம் 20-ஆம் வசனத்தில் கிரேக்க மூலத்தில் வரும் சொல் 'பொலிதெவ்மா'. குடியுரிமை, குடிமக்கள் சமூகம் என்பது அதன் பொருள். பிலிப்பி, உரோமைக்கு வெகுதூரத்தில் மக்கெதோனியாவில் இருந்த உரோமைக் குடியேற்ற நகரம். ஊர் இங்கே, உரிமை அங்கே என்ற நிலை அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாட அனுபவம். அதனால்தான் பவுல் அந்த உவமையை அவர்களிடம் எடுத்தார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது 'குடியிருப்பு' ஆயிற்று. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'தாய்நாடு' ஆயிற்று. இரண்டும் அழகுதான். ஆனால் இரண்டிலும் 'உரிமை' விழுந்துவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரத்தில், அதே பிலிப்பி நகரில் பவுலை விசாரணையின்றி அடித்துச் சிறையில் போடுகிறார்கள். மறுநாள் சத்தமில்லாமல் விட்டுவிடப் பார்க்கிறார்கள். அவரோ, நான் உரோமைக் குடிமகன், அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். அதாவது, மேலே குடியுரிமை உண்டு என்று அந்த ஊருக்கு எழுதிய அதே மனிதர், கீழே இருந்த குடியுரிமையை அந்த ஊரிலேயே விட்டுக்கொடுக்கவில்லை. நேசமணி நின்ற இடமும் இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து.

இனி மலைக்கு வருவோம். கண்ணன் தேவன் மலை 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து மன்றோ துரைக்குக் கைமாறியது. பின்னர் தேயிலை வந்தது. கங்காணிகள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கிருஷ்ணபிள்ளை காப்பியம் பாடிய அதே சீமை. 1990-களில் ஆர்டர் புத்தகத்தோடு மூணாறு, தேவிகுளம் என்று நான் சுற்றியபோது, ஓர் எஸ்டேட் சபையின் மூப்பர் எங்களிடம் சிலுவை விளக்கு வாங்கினார். மூன்றாம் தலைமுறை மலைக்காரர். பேச்சு மட்டும் நெல்லை. போதகரை 'ஐயர்' என்றே சொல்வார். அவரிடம் இந்த நூலைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி, மேல வீடு இருக்குன்னு ஐயரு சொல்லுதாவ. சந்தோசந்தான். ஆனா ரிட்டயர் ஆனா லயத்துல இருக்குத வீட்ட காலி பண்ணணும்லா? அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. வேதப் புத்தகத்தில் அவர் படித்த 'குடியிருப்பு' என்ற சொல்லுக்கு மலையில் வேறு பொருள். அது கம்பெனி கொடுத்து கம்பெனி வாங்கிக்கொள்ளும் வீடு. பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்குப் போனால் வீடு நிற்கும்; இல்லாவிட்டால் இல்லை. அதை வைத்துப் பரலோகத்தை விளக்கினால் அவருக்கு என்ன ஆறுதல் கிடைக்கும்?

இங்கேதான் காப்பியத்தில் ஒரு குறையை நான் காண்கிறேன். கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகனுக்கு விட்டுப்போக ஓர் ஊர் இருந்தது. வீடும் மனைவி மக்களும் இருந்தார்கள். கிருஷ்ணபிள்ளைக்கும் விட்டுப்போகக் குலமும் சமயமும் இருந்தன. அவர்களுடையது தாமே ஏற்ற பரதேசம். தேயிலைத் தோட்டத்து ஏழையுடையது பிறர் சுமத்திய பரதேசம். நூல் முழுக்கத் தேடினாலும் இந்த இரண்டாம் வகைப் பரதேசிக்கு ஒரு வரி இல்லை. 19-ஆம் நூற்றாண்டுப் புலவரிடம் அதைக் கேட்பது நியாயமா என்றால், குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நூலை மேடையில் விளக்குகிற நாம் இன்று வேறுபாடு காட்டாமல் போனால் அது குற்றம்.

எங்கள் சமண மரபும் இதையே சொல்கிறது. இளங்கோவடிகள் சேர அரசைத் துறந்தார் என்பது வரலாற்று மரபு. அவர் பிறந்ததாகச் சொல்லும் மண்தான் இன்று நாம் பிழைக்க வந்த மண். சீவகசிந்தாமணியில் சீவகன் நாட்டை மீட்டு, ஆண்டு முடித்த பிறகே முத்தி இலம்பகம் வருகிறது. வீடுபேறு அடைந்த உயிருக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை என்பதில் எங்களுக்கும் கிறித்தவருக்கும் பெரிய சண்டை இல்லை. ஆனால் துறக்க வேண்டுமானால் முதலில் கையில் இருக்க வேண்டும். வியாபாரக் கணக்கில் சொல்வதானால், வரவில் ஏறாத தொகையைத் தள்ளுபடி என்று எழுத முடியாது. நிலமே கிடைக்காதவனிடம் "நிலம் மாயை" என்பது ஞானம் ஆகாது.

விசுவாசத்துக்கு இவர்கள் கொடுத்த விலையும் சிறிதல்ல. 1950 ஆகஸ்ட் 10-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறவில்லை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது. மதம் மாறாத தோட்டத் தமிழரோ, 1950-க்கு முன்பே முன்னோர் இங்கு இருந்ததைக் காட்டச் சொல்லும் அலுவலகங்களுக்கு நடந்து தேய்கிறார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லய வீடுகளை மூடியது. 70 உயிர்கள். இராஜமலையில் அவர்களை அருகருகே புதைத்தார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் பல. செய்தி கேட்டதும் எனக்கு அந்த மூப்பரின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு அன்று பதில் சொல்லாமல் பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

விசுவாசத்துக்கு மாநில எல்லை தெரியாது என்பதும் உண்மையே. 1956-இல் கோடு போட்ட பிறகும் பாலக்காடு, சித்தூர்ப் பக்கத்து இலத்தீன் வழிபாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் கோயம்புத்தூர் மறைமாவட்டத்திலேயே இருந்தார்கள். 2013 டிசம்பர் 28-இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது. இடையில் 57 ஆண்டுகள், வாளையாறு சோதனைச் சாவடிக்கு இரு பக்கமும் ஒரே ஆயர். அரசு பிரித்ததைச் சபை பிரிக்காமல் வைத்திருந்தது. மேலுலக விசுவாசம் மண்ணில் செய்யக்கூடிய நன்மைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. நம் சங்கத்தில் இரட்சணிய யாத்திரிகத்தைச் சமயம் பாராமல் கூடிப் படிக்க வேண்டும். அது நம் எல்லோருடைய சொத்து. படிக்கும்போது பிலிப்பியர் கடிதத்துச் சொல்லைக் 'குடியுரிமை' என்றே விளக்க வேண்டும்; பவுல் சிறைவாசலில் அதிகாரியை வரவழைத்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்து, மூணாறு, பீர்மேடு பக்கத்திலிருந்து சான்றிதழுக்கும் ஓய்வு வீட்டுக்கும் அலைகிற முதியவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க, மாதம் ஒரு ஞாயிறு நம் சங்கக் கட்டடத்தைத் திறந்து வைக்க வேண்டும். மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள்.

அந்த மூப்பர் இன்று இல்லை. அவர் நம்பிய நகரத்தை அடைந்திருப்பார் என்று அவர் வீட்டார் சொன்னார்கள், நானும் கைகூப்பினேன். அவர் கேட்ட கேள்விக்குக் கடை வாசலில் நான் சொல்லாத பதிலை, தாமதமானாலும் இங்கே எழுதியிருக்கிறேன்.