வீட்டைத் திறந்து காட்டச் சொல்லும் பாடம்

பிளஸ் ஒன் மாணவருக்குச் சமூகவியலை வரையறையில் தொடங்கி அறிஞர்களின் பெயர்களில் முடிப்பதுதான் நெடுங்கால வழக்கம். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. கொண்டுவந்த சமூகவியல் நூல்கள் வேறு வாசலைத் திறந்தன. வேதியியல் வகுப்புக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம், சமூகவியல் வகுப்புக்கு அப்படி யாரும் வருவதில்லை. குடும்பம், சாதி, ஆண், பெண் பற்றியெல்லாம் பதினாறு வயதுக்குள் நமக்கு உறுதியான கருத்துகள் வந்துவிட்டன, அவற்றைச் சந்தேகிப்பதே முதல் வேலை என்பது அந்நூல்களின் அணுகுமுறை. இந்தத் தொடக்கத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு நூல் ஒன்றில் புராஜெக்ட்டுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. வீட்டிலுள்ள ஒரு பொருளின் வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் பார் என்பது அதிலுள்ள யோசனைகளில் ஒன்று. தமிழ்நாட்டு மாணவி ஒருத்தி சமையலறை மிக்சியை எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2011இல் அரசு ரேஷன் அட்டைக்கு விலையில்லாமல் கொடுத்த மிக்சியா, அம்மா சீராகக் கொண்டுவந்ததா? அதற்கு முன் அம்மியில் அரைத்தது யார்? மிச்சமான நேரம் அம்மாவுக்கு ஓய்வானதா, வேறொரு வேலையானதா? மிக்சி வந்தபிறகாவது அப்பா சட்னி அரைத்தாரா? அரசின் திட்டம், வரதட்சணை, பெண்ணின் உழைப்பு மூன்றும் ஒரே பொருளில் வந்து சேர்கின்றன. சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலில் வலியுறுத்தியதும் இந்தப் பார்வையைத்தான்: ஊரில் ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் அது அவன் கஷ்டம், கோடிக்கணக்கானோருக்கு இல்லையென்றால் அது சமூகத்தின் சிக்கல். தன் வீட்டுக் கஷ்டத்துக்குத் தன் வீடு மட்டும் காரணமில்லை என்று ஒரு பிள்ளைக்குப் புரிவது சின்ன விஷயமல்ல.

ஆனால் இந்த முறையின் பலம் எதுவோ அதிலேயே அதன் பெரிய குறையும் இருக்கிறது. எல்லா வீட்டையும் வகுப்பறையில் ஒரேபோலத் திறந்து காட்ட முடியாது. ‘அப்பா என்ன வேலை பார்க்கிறார், எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு ஒரு மாணவர் பெருமையோடு பதில் சொல்வார். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் தலைகுனிவார். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே சாதியை அறிந்துகொள்ளும் பள்ளிகள் நம்மிடம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடையும் அகரவரிசைப்படி இருக்கையும் கேட்டது. அப்படி ஒரு பள்ளியில் ‘உன் குடும்பத்தை ஆராய்ந்து வா’ என்பது பாதிப்பிள்ளைகளுக்குப் பாடம், மீதிப்பிள்ளைகளுக்கு ஆபத்து.

தெருத்தெருவாகக் கணக்கெடுக்கச் சொல்வதிலும் இதே சிக்கல்தான். தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட நூல் இந்தியச் சமூகவியலின் முக்கியமான படைப்புகளில் ஒன்று. ஆய்வுக்காக அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளருக்கே இந்த நிலை என்றால், அதே ஊரில் பிறந்து அடுத்த நாளும் அங்கேயே வாழவேண்டிய பள்ளிப்பிள்ளையை எந்தத் துணையுமில்லாமல் எப்படி அனுப்புவது?

தேர்வுமுறை செய்யும் கேடு வேறு. சி.பி.எஸ்.இ.யில் எழுத்துத் தேர்வுக்கு 80, புராஜெக்ட்டுக்கு 20. அந்த இருபதும் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சென்டரில் படம் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு முடிந்துவிடுகிறது. பாடநூலிலும் ஒரு விடுபடல் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் இந்தியச் சமூகவியலாளர்கள் என்று விரிவாக அறிமுகமாகிறவர்கள் குர்யே, டி.பி. முகர்ஜி, ஏ.ஆர். தேசாய், எம்.என். சீனிவாஸ் ஆகிய நால்வர். அம்பேத்கர் அந்த வரிசையில் இல்லை. சாதியின் உயிர் சாதிக்குள்ளேயே மணக்கும் அகமணத்தில் இருக்கிறது என்று அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தது 1916இல். காதல் கல்யாணம் ஏன் கொலைவரை போகிறது என்று கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதைவிட நேரான விளக்கம் எது?

இத்தனை குறைகளோடும் இந்தப் பாடம் நமக்கு வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ பிரிவுகளில் வரலாறு உண்டு, பொருளியல் உண்டு, சமூகவியலைக் காணோம். கயிற்றை அறுத்துவிடலாம், அதைக் கட்டத் தூண்டிய நினைப்பைப் பற்றிப் பேச ஒரு பீரியட் வேண்டாமா?

அதைக் கொண்டுவரும்போது விசாரணையை வீட்டிலிருந்து தொடங்காமல் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், அவருக்கு என்ன சம்பளம், அவர் நிரந்தர ஊழியரா ஒப்பந்தக்காரரின் ஆளா? சத்துணவு வரிசையில் யார் நிற்கிறார்கள், யார் டிபன் பாக்ஸோடு ஒதுங்குகிறார்கள்? இவற்றை வகுப்பு முழுவதும் சேர்ந்து தேடட்டும். யாரும் தன் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. எழுதித் தருவதில் பெயரும் வேண்டாம், அதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம். தன் வீட்டைப் பற்றிப் பேசுவதா இல்லையா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.