தோற்றது எது?

என்னிடம் பள்ளியில் படித்து, இன்று கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தான். கையிலிருந்த நூலை மேசைமீது வைத்தான். “படித்து முடித்துவிட்டேன் ஐயா! இனி எனக்குக் கொள்கையும் வேண்டாம், கொடியும் வேண்டாம். எல்லாம் ஏமாற்று!” என்றான். அவன் முகத்தில் சினம் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். இருந்தது சோர்வு. பத்தொன்பது வயதில் சோர்வு! அஞ்சினேன். அன்றிரவே அந்த நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

‘தோற்றுப்போன தெய்வம்’ என்று பொருள்படும் ஆங்கில நூல் அது, 1949-இல் வெளிவந்தது. தொகுத்தவர் இங்கிலாந்துத் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் கிராஸ்மன். பொதுவுடைமையை நாடி, நம்பி, பின்னர் நம்பிக்கை இழந்து விலகிய எழுத்தாளர் அறுவரின் வாக்குமூலம் அதில் இருக்கிறது. ஆர்தர் கோஸ்லர், இக்னாசியோ சிலோனே, ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவரும் கட்சிக்குள் உழைத்தவர்கள். இவர்களுக்குத் ‘தீட்சை பெற்றோர்’ என்ற பொருளில் தலைப்பு. ஆந்த்ரே ஜீத், லூயி ஃபிஷர், ஸ்டீபன் ஸ்பெண்டர் ஆகியோருக்குத் ‘தொலைவிலிருந்து தொழுதோர்’ என்ற பொருளில் தலைப்பு.

தெய்வம்! தீட்சை! தொழுகை! கோவில் வாயிலைக் கடந்து வெளியே வந்தவர்கள் நாம். இச்சொற்களைக் கண்டதும் நமக்கு ஐயம் பிறக்க வேண்டாமா? உழைப்பையும் கூலியையும் பற்றிப் பேச வந்த கொள்கைக்குக் கர்ப்பக்கிருகம் எதற்கு? குடும்பத்தார் விளையாட்டாகக் கேட்ட வினாக்களுக்கு 1865-இல் விடை எழுதிய காரல் மார்க்ஸ், தமக்கு உகந்த நெறி எதையும் ஐயுறுவதே என்றார். ஐயத்தைப் போற்றியவரின் கொள்கை, ஐயுறுவோரைத் தண்டிக்கும் மதமானது எப்படி? இந்தக் கேள்வியோடு படித்தால்தான் இந்நூலால் பயன் உண்டு.

சிலோனே எழுதிய பகுதியே இந்நூலின் உயிர். இத்தாலியின் மலைநாட்டு உழவர்களிடையே வளர்ந்தவர். 1915-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தாயைப் பறிகொடுத்தவர். 1921-இல் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவியோருள் ஒருவர். 1927 மே மாதம் மாஸ்கோவில் நடந்ததை அவர் விவரிக்கிறார். உலகப் பொதுவுடைமை இயக்கத்தின் தலைமைக் கூட்டம். சீனா பற்றி டிராட்ஸ்கி எழுதிய ஆவணத்தைக் கண்டிக்க வேண்டுமாம். அந்த ஆவணத்தை நாங்கள் படிக்கவில்லையே என்கிறார் சிலோனே. தலைமை வகித்த ஜெர்மானியர் தேல்மன் தருகிற விடை என்ன தெரியுமா? நாங்களும் படிக்கவில்லை என்பதுதான்! படிக்காததைக் கண்டிக்க மாட்டோம் என்று சிலோனேயும் தோழர் தோக்லியாத்தியும் மறுத்தனர். தீர்மானம் அங்கே கைவிடப்பட்டது. ஆனால் திரும்பும் வழியில், பெர்லின் நகரச் செய்தித்தாளில், டிராட்ஸ்கி கண்டிக்கப்பட்டார் என்ற செய்தியைச் சிலோனே காண நேர்ந்தது.

படிக்காதே, பணிந்திரு என்று நம் முன்னோர்க்கு இடப்பட்ட பழைய கட்டளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பிரெஞ்சு எழுத்தாளர் ஜீத் 1936-இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். ஸ்டாலின் பிறந்த கோரி நகரிலிருந்து அவருக்கு நன்றித் தந்தி அனுப்ப விரும்பினார். ‘உங்களுக்கு’ என்று எளிமையாக எழுதியதை அஞ்சல் நிலையத்தில் ஏற்கவில்லை. தொழிலாளர் தலைவரே என்றோ, மக்களின் அதிபரே என்றோ அடைமொழி சேர்த்தால்தான் தந்தி போகுமாம்! அர்ச்சனை இன்றி விண்ணப்பம் இல்லை!

அமெரிக்கக் கறுப்பர் ரைட்டின் கதை நெஞ்சை உலுக்குவது. 1908-இல் மிசிசிப்பியில், அடிமைகளாயிருந்தவர்களின் பேரனாகப் பிறந்தவர். நிறம் பாராமல் தம்மை மனிதனாக நடத்திய இடம் என்று சிகாகோவில் கட்சியைத் தேடிச் சென்றார். சொந்தமாகச் சிந்தித்தார் என்பதால் துரோகி எனப்பட்டார். 1936 மே நாள் ஊர்வலத்தில் அவரைத் தூக்கி நடைபாதையில் எறிந்தனர். எறியப்பட்டவர் என்ன செய்தார்? வெள்ளை முதலாளியிடம் சென்று மன்னிப்புக் கேட்கவில்லை, எழுதினார். கட்சியை விட்டார், தம் மக்களின் விடுதலையை விடவில்லை. 1955-இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டுக்குச் சென்று அதைப் பற்றி நூலும் எழுதினார்.

கோஸ்லரின் நடை மின்னுகிறது. ஆனால் அவர் கட்சியில் சேர்ந்ததையும் மதம் மாறியவனின் பரவசத்தோடு சொல்கிறார். விலகியதையும் அதே பரவசத்தோடு சொல்கிறார். ஒரு தெய்வத்தை உடைத்தவரின் பிற்கால வாழ்வைப் பாருங்கள்! 1983-இல் இறந்தபோது, மனத்தால் மனத்தை அறிவது போன்ற ‘அதீத ஆற்றல்களை’ ஆராயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி ஒன்று நிறுவுமாறு தம் செல்வத்தை எழுதிவைத்துச் சென்றார். பீடம் காலியானால் போதாது தோழர்களே, பீடமே வேண்டாம் என்ற துணிவு வேண்டும்.

நூலின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறு பேரும் ஆண்கள். ஆறு பேரும் எழுத்தாளர்கள். ஆலைத் தொழிலாளி ஒருவர் இல்லை. சோவியத் குடிமகன் ஒருவர் இல்லை. சில வாரங்களே உறுப்பினராயிருந்த ஸ்பெண்டருக்கும் சிலோனேக்கும் ஒரே வரிசையில் இடம்! கட்சியிலிருந்து விலக்கப்பட்ட வரலாற்றாசிரியர் ஐசக் டாய்ச்சர் 1950-இல் இந்நூலைக் கடுமையாக விமர்சித்தார். விலகியவர்களிற் பலர் பழைய வெறியை விடாமல் அதன் திசையை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். பின்னர் நடந்தவை அதற்குச் சான்று. பொதுவுடைமை எதிர்ப்புப் பிரசாரம் தம் நோக்கமன்று என்று கிராஸ்மன் முன்னுரையில் சொன்னார். ஆயினும் அமெரிக்க அரசு அமைப்புகள் நூலைப் பரப்பின. 1950 ஜூனில் பெர்லினில் கோஸ்லரும் சிலோனேயும் பங்கேற்கத் தோன்றிய ‘பண்பாட்டு விடுதலைப் பேரவை’க்கு அமெரிக்க உளவுத்துறைப் பணம் பாய்ந்தது 1967-இல் அம்பலமானது. அந்தப் பணத்தில் நடந்த ஏட்டின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து ஸ்பெண்டர் அவ்வாண்டே விலகினார். சிலோனே இளமையில் காவல்துறைக்குத் தகவல் தந்தார் என்று 1990-களில் ஆய்வாளர் சிலர் எழுதினர், மறுத்தோரும் உளர். எவரையும் தெய்வமாக்காதே என்பதற்கு இவையெல்லாம் பாடங்கள்.

இவற்றைக் காட்டி நூலையே பொய் என்று ஒதுக்கலாமா? ஒதுக்கினார்கள்! 1949-இல் இதை அவதூறு என்றவர்கள் 1956-இல் என்ன ஆனார்கள்? ஸ்டாலினின் தனிமனித வழிபாட்டையும் கொடுமைகளையும் குருச்சேவே கட்சி மாநாட்டில் எடுத்துரைத்தார். 1939-இல் இட்லரோடு ஒப்பந்தம் செய்தபோதே கண் திறந்தது என்கிறார் ஃபிஷர். கேள்வி கேட்டவர்களைத் துரத்திய அந்த மாளிகை 1991-இல் சரிந்தது.

மாளிகை சரிந்தது, மலைநாட்டு உழவனின் பசி தீர்ந்ததா? ரைட்டின் மக்கள் பட்ட இழிவு முற்றும் துடைக்கப்பட்டதா? இல்லையே! அந்தப் பசியும் இழிவும்தாம் சிலோனேயையும் ரைட்டையும் கட்சிக்கு அனுப்பின. விலகிய பின்னும் இருவரும் அவற்றை மறக்கவில்லை. ஆகவேதான் அறுவரில் அவ்விருவரின் எழுத்து உயர்ந்து நிற்கிறது.

மறுநாள் அந்த இளைஞனை அழைத்தேன். “தம்பி, உன் தெய்வம் தோற்றதற்காக வருந்தாதே. அதைத் தெய்வம் என்று நீ நம்பியதற்காக வருந்து. சமத்துவம் வேண்டும் என்ற உன் எண்ணத்தை எந்த நூலும் தோற்கடிக்கவில்லை. இனி ஒரு கொள்கையை ஏற்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுப் பார்: படிக்காததைக் கண்டிக்கச் சொன்னால், ‘மாட்டேன்’ என்று எழுந்து சொல்ல அங்கே இடம் உண்டா?” என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் நூலை எடுத்துக்கொண்டான். “சிலோனே பகுதியை மறுபடியும் படிக்கிறேன் ஐயா” என்றான்.

நீங்களும் படியுங்கள், தோழர்களே!