மீப்பாய்: சொல்லும் பொருளும்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 30ஆம் பாடலில் 'மீப்பாய்' என்னும் சொல் வருகிறது. பாய் களையாமலும் பாரம் இறக்காமலும் பெருங்கலம் ஒன்று புகாருக்குள் நுழைகிறது. பழைய உரை இச்சொல்லுக்கு மேற்பாய் எனப் பொருள் தருகிறது. அதனை மட்டும் நோக்கின், பெரும்பாய்க்கு மேல் தனியே ஒரு சிறுபாய் கட்டப்பட்டிருந்தது எனக் கொள்ளத் தோன்றும். உரோமர் கலங்களில் அத்தகைய பாய் இருந்தமையால் இக்கருத்துக்குக் கவர்ச்சி மிகுதி.

பாடல் அதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. 'கூம்பொடு' என்பதிலுள்ள ஒடு உருபு, பாய்மரத்தையும் பாயையும் சேர்த்தே களையும் வழக்கத்தை உணர்த்துகிறது. (கூம்பு இன்று கணிதப் பாடத்தின் வடிவப் பெயராகிவிட்டது, வகுப்பில் இதனை முதலில் விளக்கியாக வேண்டும்.) மரத்தையே இறக்குவோர் மேற்பாயை மட்டும் களைந்து கீழ்ப்பாயை எங்கே விடுவர்? எனவே 'மீ' ஈண்டு உயரத்தையே சுட்டுகிறது; மரத்தின்மேல் உயர விரித்த பாய் என்பதே பொருள். 'இதை' எனப் பாயைக் குறிக்கும் மதுரைக்காஞ்சியும் கயிறு, பாய், கூம்பு மூன்றும் ஒருசேர அழிவதையே காட்டுகிறது.

இவ்வாறு கொண்டால் வருணனையும் தெளிவாகிறது. பாரம் இறக்காமை ஆற்றுமுகத்தின் ஆழத்தையும், பாய் இறக்காமை அதன் அகலத்தையும் புலப்படுத்துகின்றன எனலாம்.