எந்த ஊர்க் கரண்டும் சரி

கந்தளாயிலிருந்து கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பையில் என்னை வியக்க வைப்பது லப்டொப்பைவிட அதன் அடப்டர்தான். அந்தக் கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50–60 ஹேர்ட்ஸ் என்றிருக்கும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ரொறன்ரோவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே நிமிடங்களில் கொதிக்கும் கேத்தில் அங்கே ஏறக்குறையக் கால்வாசி வலுவோடு சோர்ந்துபோகும்.

அடப்டருக்கு அந்தச் சோர்வே இல்லை. வரும் கரண்டை முதலில் நேரோட்டமாக்குகிறது. பிறகு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விட்டு, சின்னஞ்சிறு மின்மாற்றி வழியாக 20 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. அந்த வேகத்தால்தான் மின்மாற்றி அவ்வளவு சிறிதாக முடிகிறது. 50 ஹேர்ட்ஸில் நேரடியாக இறக்குவதென்றால் இரும்பும் செம்புக் கம்பியுமாகக் கையை இழுக்கும் கனம் வேண்டும். மாலையில் வோல்ட்டேஜ் விழுந்து பல்ப் மங்கும் வீட்டிலும் இதே பெட்டி அசராமல் லப்டொப்புக்குச் சார்ஜ் ஏற்றும். எவ்வளவு நல்ல வேலைப்பாடு!

போய் இறங்கியதும் சுவர்ப் பக்கத்து வயரை மட்டும் தட்டைக் கால் பிளக் உள்ளதாக வாங்கி மாற்றினால் போதும். கேத்திலை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் அம்மா இடித்த மிளகாய்த்தூளை வைத்துக்கொள்ளலாம்.