குறிநீக்கமும் ஊகமும்

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்குக் குறியேற்ற, குறிநீக்கக் கருவிகளை வழங்குதல் வேண்டுமா என்ற வினாவுக்கு, பல மொழிகளில் உரையாட வல்ல பொறிக்கு இச்சிறு கணக்கு எம்மாத்திரம் என விடையிறுப்போர் உளர். மொழிவன்மையையும் எழுத்துக் கணக்கையும் ஒன்றெனக் கொள்வதால் எழுந்த விடை இது.

இலங்கையிலே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம். அதிலே தட்டச்சிட்ட ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகிவிடும். இன்ன குறிக்கு இன்ன எழுத்து என்னும் அட்டவணை இருப்பின், அதனை யுனிகோட்டுக்கு மாற்றுதல் எளிய நிரலொன்றின் வேலையே. கருவியற்ற மொழி மாதிரியோ, அடுத்து வரத்தக்கது யாது என்ற நிகழ்தகவைக் கொண்டே எழுதிச் செல்கின்றது. எழுத்துக்களையும் அது பெரும்பாலும் தனித்தனியே காண்பதில்லை, துணுக்குகளாகவே காண்கின்றது. குறுந்தொடர்களைப் பலவேளை சரியாகவே மாற்றிவிடும் என்பதும் உண்மை. நம்பிக்கை பிறப்பது அங்கேதான். நெடிய ஆவணத்திலோ அரிய ஊர்ப்பெயரொன்று பலரறிந்த ஊர்ப்பெயராக மாறிவிடலாம். வாக்கியம் செவ்வனே நிற்பதால் வாசகன் ஐயுறான்.

ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியரும் ஊகித்தனரன்றோ எனக் கேட்கலாம். ஊகித்தனர். புள்ளியிடாத ஏட்டிலே மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்பதை இடம்நோக்கியே துணிய வேண்டியிருந்தது. வேண்டிய குறி ஏட்டில் இல்லாமையால் எழுந்த ஊகம் அது. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதங்களையும் உடன் காட்டினர். கணினிக் குறியேற்றத்தின் இயல்பு வேறு. 'அம்மா' என்ற சொல் யுனிகோட்டில் ஐந்து குறிகள், யூ.ரி.எவ்.-8 முறையில் 15 பைட்டுகள். பேஸ்-64 வடிவில் 20 எழுத்துக்கள். விடை முழுவதும் குறியினுள்ளேயே உள்ளது. இங்கு ஊகிப்பது தேவையற்ற துணிவு.

கருவியும் குற்றமற்றதன்று. பொருந்தா அட்டவணையைக் கொடுத்தால் பொருளற்ற எழுத்துக்களையே தரும்; ஆயினும் அப்பிழை கண்ணுக்குத் தெரியும். குறிநீக்கிய உரையினுள்ளே கட்டளையொன்று பொதிந்திருப்பின், உதவியாளர் அதனை ஆவணத்தின் பகுதியாகக் கொள்ளாது, தனக்கிட்ட பணியாகக் கொள்ளும் இடரும் உண்டு. இவற்றினும் சிக்கலானது பிறிதொன்று. உதவியாளர் கருவியை அழைத்து விடை தந்ததா, தானே ஊகித்ததா என்பதை விடையின் தோற்றங்கொண்டு அறிதல் அரிது. கருவியை அழைத்தமைக்கான பதிவும், மாற்றப்படாத மூலமும் விடையின் அருகிலேயே வாசகனுக்குக் கிடைத்தல் வேண்டும்.